சொட்டுநீர் எலுமிச்சைத் தோப்பில் யூரியாவை எங்கே போடுவது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புளியங்குடி, சங்கரன்கோவில் பக்கத்துச் செம்மண் எலுமிச்சைத் தோப்பை மனதில் வைத்து எழுதியது இது. கணக்குகளுக்கெல்லாம் ஒரே தோப்பை எடுத்துக்கொண்டோம்: 6 மீட்டருக்கு 6 மீட்டர் இடைவெளி, ஏக்கருக்கு 112 மரம், வயது ஆறுக்கு மேல், மரத்துக்கு நான்கு டிரிப்பர் (சொட்டுவான்), ஒவ்வொன்றும் மணிக்கு 8 லிட்டர். உங்கள் தோப்பு வேறு அளவில் இருந்தால் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் முறை அதேதான். கொய்யா, மா, சப்போட்டாவுக்கும் இதே முறை பொருந்தும்.

ஒரு மரத்துக்கு ஆண்டுக்கு எவ்வளவு தழைச்சத்து?

ஆறாம் ஆண்டு முதல் எலுமிச்சை மரத்துக்கு 600 கிராம் தழைச்சத்து (நைட்ரஜன்), 200 கிராம் மணிச்சத்து (பாஸ்பரஸ்), 300 கிராம் சாம்பல் சத்து (பொட்டாசியம்), 30 கிலோ தொழு உரம் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. தழைச்சத்தை மார்ச், அக்டோபர் என இரண்டாகப் பிரித்து, தூரிலிருந்து 70 செ.மீ. தள்ளிப் பாத்தியில் இட்டு மண்ணோடு கலக்கச் சொல்கிறார்கள். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. அதனால் 600 கிராம் என்பது சுமார் 1.3 கிலோ யூரியா. ஏக்கருக்கு 146 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டையில் மூன்றேகால்.

இந்த இரண்டு தவணைக் கணக்கு வட்டப்பாத்தியில் தண்ணீர் கட்டும் தோப்புக்கு ஒத்துவரும். சொட்டுநீருக்கு மாறிய பிறகும் பழைய வழக்கப்படியே போடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

அளவு சரியாக இருந்தால் போதாதா? இடம் அவ்வளவு முக்கியமா?

அளவைவிட இடம்தான் முக்கியம் என்றே சொல்வோம். ஒரு மரத்துக்குரிய நிலம் 36 சதுர மீட்டர். செம்மண்ணில் ஒரு டிரிப்பர் நனைக்கும் வட்டத்தின் ஆரம் சுமார் 40 செ.மீ., அதாவது அரை சதுர மீட்டர். நான்கு டிரிப்பரும் சேர்ந்து நனைப்பது 2 சதுர மீட்டர்தான். மொத்த நிலத்தில் பதினெட்டில் ஒரு பங்கு.

ஆண்டுக்குரிய 600 கிராமும் அந்த 2 சதுர மீட்டருக்குள் போகிறது. அந்த வட்டத்து மண்ணின் பார்வையில் அது ஏக்கருக்கு 58 மூட்டை யூரியா போட்டதற்குச் சமம். பட்டியலில் மூன்றேகால் மூட்டை என்று எழுதியிருப்போம். வேர் இருக்கும் இடத்திலோ 58 மூட்டையின் செறிவு. மண் புளிப்பதும் உப்பு ஏறுவதும் வேர் நுனி கருகுவதும் இந்தச் செறிவால்தான். ஏக்கர் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு இது கண்ணில் படாது.

அப்படியானால் பழையபடி பாத்தி முழுவதும் தூவிவிடலாமே?

கூடாது. சொட்டுநீர்த் தோப்பில் நனையாத மண்ணில் விழும் யூரியா வேருக்குப் போய்ச் சேராது. அங்கே உறிஞ்சும் வேரும் குறைவு, கரைக்கத் தண்ணீரும் இல்லை. காலைப் பனியில் கொஞ்சம் கரைந்து அம்மோனியாவாகப் பறக்கும். மிச்சம் கோடை மழையில் ஒரே வீச்சில் கரைந்து, மணற்பாங்கான மண்ணானால் வேருக்குக் கீழே இறங்கிவிடும். தண்ணீர் போகும் இடத்துக்குத்தான் உரமும் போக வேண்டும். ஆனால் சிறு சிறு அளவாக.

மண்ணுக்குள் போன யூரியா என்ன ஆகிறது?

மூன்று வடிவம் எடுக்கிறது. மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்ளும். இதைப் புரிந்துகொண்டால் மற்ற கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

கரைந்த யூரியாவுக்கு மின்னூட்டம் கிடையாது. மண் துகள் அதைப் பிடித்துவைக்காது. தண்ணீர் எவ்வளவு தூரம் போகிறதோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம் அதுவும் போகும். நம் வெயிலில், ஈர மண்ணில், மண்ணிலுள்ள யூரியேஸ் நொதி அதை இரண்டு மூன்று நாளில் உடைத்து அம்மோனியமாக்கிவிடும். உடையும்போது குருணையைச் சுற்றியுள்ள மண்ணின் பிஹெச் (7க்குக் கீழே புளிப்பு, மேலே காரம் என்று காட்டும் எண்) 8.5, 9 வரை ஏறும். அந்த நேரத்தில் குருணை மண்ணுக்கு மேலே கிடந்தால் அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும். மூடியிருந்தால் மண் பிடித்துக்கொள்ளும்.

அம்மோனியத்துக்கு நேர் மின்னூட்டம் உண்டு. களிமண், மட்குத் துகள்களில் ஒட்டிக்கொண்டு அதிகம் நகராது. டிரிப்பருக்கு அடியிலேயே தங்கும்.

அடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் நுண்ணுயிர்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. மண் புளிப்பது இந்தக் கட்டத்தில்தான், ஏனென்றால் ஒவ்வொரு அம்மோனியம் மாறும்போதும் அமிலம் வெளிப்படுகிறது. நைட்ரேட்டையும் மண் பிடிப்பதில்லை. தண்ணீர் கீழே போனால் அதுவும் கீழே போகும், ஓரத்துக்குப் போனால் அதுவும் ஓரத்தில் சேரும்.

குருணையாகக் கையால்தான் போட முடியும். எப்படிப் போடுவது?

வென்சுரி, அதாவது உரக் கரைசலை உறிஞ்சிச் சொட்டுநீர்க் குழாயில் கலக்கும் கருவி, இல்லாதவர்களுக்கு இது:

1. முதல் நாள் மாலை வழக்கம்போல் சொட்டுநீர் விடுங்கள். மறுநாள் காலையில் ஈரம் எதுவரை பரவியிருக்கிறது என்று விரலால் கிளறிப் பாருங்கள்.
2. டிரிப்பரிலிருந்து 15 முதல் 20 செ.மீ. தள்ளி, ஈர வட்டத்துக்குள்ளேயே, 5 முதல் 7 செ.மீ. ஆழத்தில் பிறை வடிவில் கீறுங்கள். களைக்கொத்து போதும். மண்வெட்டி வேண்டாம், எலுமிச்சை வேர் மேலாகவே ஓடும்.
3. ஒரு டிரிப்பருக்கு ஒரு தடவை 40 கிராம் யூரியாவுக்கு மேல் வேண்டாம். கீறலின் நீளம் முழுக்கச் சிதறவிட்டு மண்ணால் மூடுங்கள்.
4. அன்றே அரை மணி நேரம் தண்ணீர் விடுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

நான்கு டிரிப்பருக்கு 160 கிராம் வீதம் ஆண்டுக்கு எட்டுத் தவணை வைத்தால் 1.3 கிலோ கணக்கு முடிந்துவிடும். ஆள் கூலியை நினைத்து இரண்டே தவணையில் முடிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அப்போது ஒரு டிரிப்பருக்கு 160 கிராமுக்கு மேல் விழும். அந்தச் செறிவில் கிளம்பும் அம்மோனியா வேர் நுனியைக் கருக்கும். அம்மோனியம் நைட்ரேட்டாகும் வழியில் நைட்ரைட் என்ற இடைநிலை உண்டு. அதை நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிரையும் அம்மோனியா முடக்கும். அதனால் நைட்ரைட் தேங்கி வேருக்கு நஞ்சாகும். போட்ட பத்து நாளில் இளங்கொழுந்து நுனி கருகி இலை உதிர்ந்தால், நோய் என்று மருந்துக்கடைக்கு ஓடுவதற்கு முன் டிரிப்பரடி மண்ணைத் தோண்டிப் பாருங்கள்.

டிரிப்பருக்கு நேர் கீழே குவிப்பது இன்னொரு தவறு. சொட்டு விழும் புள்ளியில் கரையும் யூரியா நேராகக் கீழே இறங்கும்.

வென்சுரி வழியாக விடும்போது முறை என்ன?

ஆண்டில் 30 வாரம் என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு மரத்துக்கு 20 கிராம் தழைச்சத்து, அதாவது 43 கிராம் யூரியா. ஏக்கருக்கு 4.9 கிலோ.

அதை 40 லிட்டர் தண்ணீரில் முதல் நாளே கரைத்து வையுங்கள். யூரியா கரையும்போது தண்ணீர் சில்லென்று ஆகும், அதனால் கடைசிக் குருணை கரைய நேரம் எடுக்கும். வேப்ப எண்ணெய்ப் பூச்சு மேலே படலமாக மிதக்கும், அடியில் கசடு தங்கும். துணியில் வடிகட்டி, நடுத் தெளிவை மட்டும் எடுங்கள். உரம் நுழையும் இடத்துக்குப் பிறகு ஒரு ஸ்கிரீன் அல்லது டிஸ்க் பில்டர் இருந்தே ஆக வேண்டும். பில்டருக்குப் பிறகு வென்சுரியைப் பொருத்தியிருந்தால் கசடெல்லாம் டிரிப்பருக்குத்தான் போகும்.

மொத்தம் 80 நிமிடம் ஓட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் 30 நிமிடம் வெறும் தண்ணீர். அடுத்த 25 நிமிடம் உரக் கரைசல். கடைசி 25 நிமிடம் மறுபடி வெறும் தண்ணீர். வென்சுரி உறிஞ்சவில்லை என்றால் மெயின் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி அழுத்த வேறுபாட்டை உண்டாக்க வேண்டும். அடைப்பைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மோட்டாருக்கும் வென்சுரிக்கும் இடையே திரும்பு தடுப்பு வால்வு இல்லாமல் உரம் விடாதீர்கள். கரண்ட் போன நொடியில் குழாயில் உள்ள கரைசல் கிணற்றுக்குத் திரும்பும். அதே கிணற்றுத் தண்ணீரைத்தான் மாடும் குடிக்கிறது, பல இடங்களில் மனிதரும் குடிக்கிறார்கள்.

உரத்தை ஆரம்பத்திலேயே விட்டால் என்ன, கடைசியில் விட்டால் என்ன?

ஆரம்பத்தில் விட்டால், பின்னால் வரும் தண்ணீர் முழுவதும் அதைக் கீழே தள்ளிக்கொண்டே போகும். கடைசியில் விட்டுவிட்டு மோட்டாரை நிறுத்தினால், குழாய்க்குள் மிஞ்சிய கரைசலில் பாசி பிடிக்கும். முன் வரிசை மரத்துக்கு உரம் கிடைத்து, கடைசி வரிசை பட்டினி கிடக்கும். மண்ணின் மேல்தோலில் நிற்கும் யூரியா அம்மோனியாவாகவும் போகும்.

கடைசி 25 நிமிடம் என்று சொன்னதற்குக் கணக்கு உண்டு. அந்த நேரத்தில் ஒரு டிரிப்பர் 3.3 லிட்டர் விடும். அரை சதுர மீட்டரில் அது 6 முதல் 7 மி.மீ. மழைக்குச் சமம். தன் கன அளவில் 20 சதவீதம் தண்ணீரைப் பிடித்துவைக்கும் செம்மண்ணில் இது யூரியாவை மூன்று நான்கு செ.மீ. கீழே இறக்கும். ஆவியாகாமல் காப்பாற்ற அது போதும், வேரைத் தாண்டியும் போகாது.

உங்கள் குழாயில் கரைசல் கடைசி மரத்துக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். 63 மி.மீ. பைப் 100 மீட்டர் என்றால் அதிலேயே 270 லிட்டர் தண்ணீர் நிற்கும். நிமிடத்துக்கு 60 லிட்டர் ஓட்டத்தில் அதைக் கடக்க நாலரை நிமிடம். டிரிப்பர் செருகிய சிறு குழாயான லேட்டரலில் இன்னும் ஐந்தாறு நிமிடம். சோதிக்க இ.சி. மீட்டரும் (தண்ணீர் மின்சாரம் கடத்தும் திறனை அளக்கும் கருவி) கொஞ்சம் பொட்டாசியம் நைட்ரேட்டும் போதும். யூரியாவை வைத்துச் சோதிக்காதீர்கள், மின்னூட்டம் இல்லாத அதை மீட்டர் காட்டாது. கடைசி டிரிப்பரில் மீட்டர் ஏறி, மறுபடி இறங்கும் நேரம்தான் உங்கள் குழாயைக் கழுவ ஆகும் நேரம்.

கரண்ட் இருக்கும் வரை மோட்டார் ஓடுவதால் நஷ்டம் உண்டா?

எங்கள் கணிப்பில், செம்மண் தோப்புகளில் யூரியா வீணாவதற்கு முதல் காரணம் இதுதான். ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டுவிட்டு, மும்முனை மின்சாரம் வரும்போதெல்லாம் ஓடட்டும் என்று விட்டுவிடுகிறோம். தண்ணீர் இலவசம், கரண்ட் இலவசம், யூரியாவும் மலிவு, அதனால் யாருக்கும் உறைப்பதில்லை.

மரத்துக்கு அன்றைய தேவை 40 லிட்டர் என்றால் நான்கு டிரிப்பரும் 75 நிமிடம் ஓடினால் போதும். மூன்று மணி நேரம் ஓடினால் 96 லிட்டர். மிகுந்த 56 லிட்டர், 2 சதுர மீட்டர் வட்டத்தில் 28 மி.மீ. மழை. 20 சதவீதம் பிடிப்புள்ள மண்ணில் அது நைட்ரேட்டை 14 செ.மீ. கீழே தள்ளும். ஒரே வாரத்தில் ஒரு மீட்டர். உறிஞ்சும் எலுமிச்சை வேர் பெரும்பாலும் மேல் 60 செ.மீ.க்குள்தான் இருக்கிறது. நான்கைந்து நாளிலேயே உரம் அதைத் தாண்டிவிடும். பிறகு இலை வெளிறும், இன்னொரு மூட்டை வாங்குவோம்.

உரம் விட்ட அன்று மட்டும் கவனமாக இருந்தால் போதாது. யூரியா உடைந்து அம்மோனியமாகி மண்ணில் ஒட்ட இரண்டு மூன்று நாள் வேண்டும். அதுவரை அளவாகத்தான் தண்ணீர் விட வேண்டும். அதற்கு மோட்டாரில் ஒரு டைமர் பொருத்திவிடுவது நல்லது.

டிரிப்பரடி மண் புளித்துப்போகும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை, ஆனால் எல்லாத் தோப்பிலும் நடக்காது. அதைத் தீர்மானிப்பதும் தண்ணீர்தான்.

யூரியா வழி வரும் ஒரு கிலோ தழைச்சத்து உண்டாக்கும் அமிலத்தைச் சரிக்கட்டச் சுமார் 1.8 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும். 600 கிராமுக்கு 1.08 கிலோ. இதே தழைச்சத்தை அம்மோனியம் சல்பேட்டாகக் கொடுத்தால் ஏறக்குறைய மூன்று மடங்கு, 3.2 கிலோ. 36 சதுர மீட்டரில் பரவினால் மண் இதைத் தாங்கிக்கொள்ளும். 2 சதுர மீட்டரில் குவிந்தால் மணற்பாங்கான செம்மண் சில ஆண்டிலேயே பிஹெச் 5க்குக் கீழே போய்விடும்.

இனி மறு பக்கம். கிணற்றுத் தண்ணீரில் பைகார்பனேட் லிட்டருக்கு 3 மில்லி ஈக்விவலன்ட் இருந்தால், அது லிட்டருக்கு 150 மில்லிகிராம் சுண்ணாம்புக்குச் சமம். நாளுக்கு 40 லிட்டர், 200 நாள் என்றால் 8,000 லிட்டர். அதில் வருவது 1.2 கிலோ. யூரியா உண்டாக்கும் புளிப்பைத் தண்ணீரே சரிக்கட்டிவிடுகிறது. சமவெளிக் கிணறுகளில் பல இதைவிடக் கடினமான தண்ணீர். அங்கே மண் புளிப்பதில்லை, மாறாகக் காரம்தான் ஏறுகிறது.

ஆகவே பயப்பட வேண்டியவர்கள் மலையடிவாரத்து ஓடை, கால்வாய், குளத்துத் தண்ணீர் விடுபவர்கள், கன்னியாகுமரி மாவட்டம் போன்ற மழை மிகுந்த செம்புரை மண்காரர்கள், சுக்கான் (மண்ணில் கலந்திருக்கும் சுண்ணாம்புக் கல்) இல்லாத மணல் கலந்த செம்மண்காரர்கள். சுக்கான் கலந்த கரிசலுக்குக் கவலையே வேண்டாம். 1 சதவீதம் சுண்ணாம்பு இருந்தாலே, ஒரு டிரிப்பர் வட்டத்தின் 40 செ.மீ. ஆழ மண்ணில் கிட்டத்தட்ட 3 கிலோ இருக்கும். ஆண்டுக்குக் கரைவது 270 கிராம்தான்.

மண் பரிசோதனை அட்டையில் பிஹெச் 7 என்றுதான் இருக்கிறது. அப்புறம் என்ன?

அட்டை பொய் சொல்லவில்லை, மாதிரி எடுத்த விதம்தான் ஏமாற்றுகிறது. நிலத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்துக் கலக்கச் சொல்வார்கள். வயலுக்கு அது சரி. சொட்டுநீர்த் தோப்பில் டிரிப்பர் வட்டம் மொத்த நிலத்தில் ஐந்தாறு சதவீதம்தான். பதினைந்து குழியில் ஒன்று அதற்குள் விழுந்தால் பெரிய விஷயம். வேரே இல்லாத இடத்து மண்ணைச் சோதித்துவிட்டு வேருக்கு வைத்தியம் பார்க்கிறோம்.

தோப்பில் மூன்று இடத்து மண்ணைத் தனித்தனியாக எடுங்கள்: டிரிப்பரிலிருந்து 10 செ.மீ. தள்ளி, ஈர வட்டத்தின் ஓரத்தில், இரண்டு வரிசைக்கு நடுவே. ஒவ்வோர் இடத்திலும் 0–15, 15–30, 30–60 செ.மீ. என மூன்று ஆழம். ஒரே மாதிரியான எட்டுப் பத்து மரத்தில் எடுத்து, அதே இடத்தையும் அதே ஆழத்தையும் மட்டும் ஒன்றாகக் கலக்கலாம். ஒன்பது பை வரும். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் டிரிப்பரடி 0–15, 30–60, நடு வரிசை 0–15 என்று மூன்று பையாவது அனுப்புங்கள். பைகளைச் சேர்த்துக் கலக்கிவிட வேண்டாம் என்று ஆய்வகத்தில் சொல்லிவிடுங்கள். உரம் விட்டு ஒரு வாரமாவது ஆகியிருக்க வேண்டும்.

நடு வரிசையைவிட டிரிப்பரடி பிஹெச் ஒரு புள்ளிக்கு மேல் குறைவு என்றால் உரம் புளிக்க வைத்திருக்கிறது. ஒரு புள்ளி கூடுதல் என்றால் தண்ணீர் காரமாக்கியிருக்கிறது. 30–60 செ.மீ.யில் நைட்ரேட் மேல் மண்ணைவிட அதிகம் என்றால் தண்ணீர் அதிகமாக ஓடுகிறது.

புளித்துவிட்டது. சுண்ணாம்பு எவ்வளவு, எங்கே?

புளித்த இடத்தில் மட்டும். தோப்பு முழுக்கத் தூவுவது காசை இறைப்பது. மணற்பாங்கான செம்மண்ணில் மேல் 15 செ.மீ.யில் பிஹெச் ஒரு புள்ளி ஏற, டிரிப்பர் வட்டம் ஒன்றுக்கு 100 முதல் 150 கிராம் சுண்ணாம்புக்கல் தூள் அல்லது டோலமைட் தூள் தேவைப்படும். ஆய்வகம் தேவையைக் கணக்கிட்டுத் தந்தால் அதையே பின்பற்றுங்கள். சுண்ணாம்பு தானாகக் கீழே இறங்காது, ஆண்டுக்கு ஒன்றிரண்டு செ.மீ. நகர்ந்தால் அதிகம். அதனால் 8 முதல் 10 செ.மீ. வரை மெல்லக் கொத்திக் கலக்க வேண்டும். நீற்றிய சுண்ணாம்பு வேண்டாம், வேரைச் சுடும். சுண்ணாம்பு போட்ட இடத்தில் மூன்று வாரத்துக்கு யூரியாவோ அம்மோனியம் சல்பேட்டோ போடாதீர்கள். அம்மோனியா பறந்துவிடும்.

கீழ் ஆழத்துப் புளிப்புக்குச் சுண்ணாம்பு எட்டாது. அங்கே கைகொடுப்பது தழைச்சத்தில் ஒரு பங்கைக் கால்சியம் நைட்ரேட்டாகவோ 13:0:45 (பொட்டாசியம் நைட்ரேட்) ஆகவோ மாற்றுவது. வேர் நைட்ரேட்டை எடுக்கும்போது மண்ணில் காரத்தன்மை கொஞ்சம் கூடும். விலை அதிகம், அதனால் மூன்றில் ஒரு பங்கு மாற்றினால் போதும். கால்சியம் நைட்ரேட்டைச் சல்பேட், பாஸ்பேட் உரங்களோடு ஒரே தொட்டியில் கரைக்கக் கூடாது. தயிர் திரிந்ததுபோல் ஆகி டிரிப்பரை அடைக்கும்.

எங்கள் மண் காரம், இலை மஞ்சள். யூரியாவா, அம்மோனியம் சல்பேட்டா?

இங்கே புளிப்பை நீங்களே வரவழைக்கலாம். நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இளம் இலையில் தெரிந்தால் அது பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறை. அம்மோனியம் சல்பேட்டை டிரிப்பர் வட்டத்துக்குள் கீறலில் இட்டு மூடினால், அந்தச் சிறு பகுதியில் பிஹெச் இறங்கி இரும்பும் துத்தநாகமும் வேருக்குக் கிடைக்கும். பரவலாகத் தூவினால் சுக்கான் மண் அதை விழுங்கிவிடும். மேலாகப் போட்டால் அதுவும் காரமண்ணில் அம்மோனியாவாகப் பறக்கும். காரமண்ணில் மூடாமல் போடக்கூடிய அம்மோனியம் உரம் எதுவும் இல்லை.

வட்டத்தின் ஓரத்தில் வெள்ளையாகப் பூக்கிறது.

உப்பு. தண்ணீர் ஓரத்துக்குப் போய் ஆவியாகிறது, நைட்ரேட்டும் மற்ற உப்புகளும் அங்கே தங்குகின்றன. அது ஓரத்தில் இருக்கும் வரை பெரிய தொல்லை இல்லை. நீண்ட வறட்சிக்குப் பிறகு வரும் முதல் சிறு மழை அல்லது ஆனி, ஆடிச் சாரல் அதைக் கரைத்து வேருக்கு நடுவே கொண்டுவந்துவிடும். மழை பெய்கிறதே என்று மோட்டாரை நிறுத்துவதுதான் எல்லோரும் செய்வது. முதல் தூறலின்போது சொட்டுநீர் ஓட வேண்டும், அப்போதுதான் உப்பு வெளியே தள்ளப்படும். நல்ல மழை பிடித்த பிறகு நிறுத்துங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தழைச்சத்தை அறவே நிறுத்திவையுங்கள்.

கிணற்றுத் தண்ணீரிலேயே நைட்ரேட் இருக்கிறதாமே?

இருந்தால் அதையும் உரக் கணக்கில் சேருங்கள். குடிநீருக்கான இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட். அதில் தழைச்சத்து சுமார் 10 மில்லிகிராம். 8,000 லிட்டரில் 80 கிராம். 600 கிராமில் அதைக் கழித்துவிட்டு 520 கிராம் போட்டால் போதும்.

தொழு உரமும் மூடாக்கும் எங்கே?

ஈர வட்டத்தில். காய்ந்த மண்ணில் கொட்டிய எரு அடுத்த ஆண்டும் அப்படியே கிடக்கும். சூப்பர் பாஸ்பேட்டும் நகராத உரம், அதையும் வட்டத்துக்குள் மண்ணில் கலந்தே போடுங்கள். மூடாக்கின் மேல் மட்டும் யூரியாவைத் தூவாதீர்கள். சருகில் யூரியேஸ் மண்ணைவிட அதிகம். மூடாக்கை விலக்கி, கீறி, இட்டு, மறுபடி மூடுங்கள்.

தூரை ஒட்டிப் போட்டால் சீக்கிரம் சேராதா?

சேராது. தூரை ஒட்டி உறிஞ்சும் வேர் இல்லை. உரமும் ஈரமும் அங்கே சேர்ந்தால் பட்டை நைந்து பிசின் வடியும் நோய்க்கு வழி. வளர்ந்த மரத்தில் டிரிப்பரே தூரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

கன்றுக்கு வேறு கணக்கு. முதல் ஆண்டு 200 கிராம் தழைச்சத்து, ஒரே டிரிப்பர், தூரிலிருந்து 15 முதல் 20 செ.மீ. தள்ளி. ஒரு தடவைக்கு 10 கிராம் யூரியாவுக்கு மேல் வேண்டாம், நாற்பது தடவைக்கு மேல் விட வேண்டியிருந்தாலும் சரி.

இலைவழி யூரியா தெளித்தால் இந்த மண் தொல்லையே இல்லையே?

1 சதவீதக் கரைசல் அவசரத்துக்கு உதவும். 600 கிராமை இலை வழியாக ஊட்ட முடியாது. தவிர யூரியா தயாரிக்கும்போது உண்டாகி அதில் தங்கிவிடும் பையூரெட் என்ற பொருள் எலுமிச்சை இனத்து இலைக்கு ஆகாது. உரக் கட்டுப்பாட்டு ஆணை 1.5 சதவீதம் வரை அனுமதிக்கிறது, எலுமிச்சை இலைக்குத் தெளிப்பதென்றால் 0.3 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. அடிக்கடி தெளித்து இலை நுனி மஞ்சளானால் நிறுத்திவிடுங்கள்.

டிரிப்பரை நகர்த்தினால் புது மண் கிடைக்குமே, செய்யலாமா?

செய்யலாம், ஒரேயடியாக வேண்டாம். வேர் பழைய ஈரத்தில்தான் இருக்கிறது. நான்கையும் ஒரே நாளில் அரை மீட்டர் நகர்த்தினால் மரம் தண்ணீரைத் தேடித் தவிக்கும், பூவும் பிஞ்சும் உதிரும். எதிரெதிராக உள்ள இரண்டை மட்டும் ஈர வட்டத்தின் ஓரம் வரை, 30 முதல் 40 செ.மீ. நகர்த்துங்கள். மழைக்காலத் தொடக்கத்தில் செய்தால் மண் முழுவதும் ஈரமாக இருக்கும்போதே வேர் புது இடத்துக்கு ஓடும். மூன்று நான்கு மாதம் கழித்துப் புது வட்டத்தில் கையால் கிளறிப் பாருங்கள். வெள்ளை வேர் நுனி தெரிந்தால் மற்ற இரண்டையும் நகர்த்தலாம். தெரியவில்லை என்றால் இன்னும் ஒரு மாதம் பொறுங்கள். அதுவரை உரக் கரைசல் நான்கு டிரிப்பரிலும் போகட்டும்.